காலை வானொலி மெட்டும் காஃப்மனும்: தர்மபுரியில் எங்களிடம் கேட்கப்பட்ட கேள்விகள்

தர்மபுரியில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர், மாதக் கடைசி ஞாயிறு மாலை ஒரு நண்பர் வீட்டு மொட்டை மாடியில் கூடிப் பாட்டு கேட்கிறோம். சங்கம் என்றெல்லாம் பெயர் இல்லை. வருகிறவர்களில் கூத்துக்கட்டுகிறவர் உண்டு, நாதஸ்வரக்காரர் உண்டு, கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலைக்கு வண்டி ஓட்டுகிறவரும் உண்டு. கடந்த இரண்டு கூட்டங்களிலும் வால்டர் காஃப்மன் என்ற இசையமைப்பாளரைப் பற்றிப் பேசினோம். ஒரே கேள்வியை நாலு பேர் நாலு விதமாகக் கேட்டதால், கேட்டதையும் சொன்னதையும் இங்கே எழுதி வைக்கிறேன். இனி யாராவது கேட்டால் இதைக் காட்டிவிடலாம்.

யார் இந்த காஃப்மன்? இரண்டு வரியில் சொல்லுங்கள்.

ஆல் இந்தியா ரேடியோ தொடங்கும்போது வருமே ஒரு மெட்டு, அதை அமைத்தவர். 1907 ஏப்ரல் 1ஆம் தேதி, அன்றைய ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசில், இன்று செக் நாட்டிலுள்ள கார்ல்ஸ்பாட் ஊரில் யூதக் குடும்பத்தில் பிறந்தார். பெர்லின், பிராக், பம்பாய், லண்டன், ஹாலிஃபாக்ஸ், வின்னிபெக் என்று ஊர் ஊராகப் போய், 1984இல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்து ப்ளூமிங்டனில் காலமானார். இரண்டு வரிக்கு இவ்வளவுதான் அடங்கும்.

எந்த மெட்டு என்று பிடிபடவில்லையே?

கேட்டால் பிடிபட்டுவிடும். விடிகாலையில் முதலில் தம்புரா மீட்டல், அதன்மேல் சிவரஞ்சனி ராகத்தில் வயலின், கொஞ்சம் ஏக்கமாக. செய்தி, ‘நாளும் ஒரு சிந்தனை’ எல்லாம் அதற்கு அப்புறம்தான். என் சின்ன வயதில் பென்னாகரம் பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் அந்த மெட்டு வரும்போதுதான் முதல் பாய்லர் தண்ணீர் கொதிக்கும். அப்போது எங்களுக்குத் தர்மபுரி நிலையம் கிடையாது. திருச்சி எடுத்தால் திருச்சி, இல்லாவிட்டால் கோவை, காற்று வாட்டமாக இருந்தால் இலங்கை. முள்ளை எங்கே நகர்த்தினாலும் இந்திய நிலையமாக இருந்தால் இந்த மெட்டு இருக்கும்.

அமைத்த வருடம் 1936. அதே வருடம் ஜூன் மாதம்தான் ‘ஆல் இந்தியா ரேடியோ’ என்ற பெயரே வந்தது. வயலின் வாசித்தவர் மெஹ்லி மேத்தா, பம்பாய்ப் பார்சி. பின்னாளில் உலகம் சுற்றிய இசைக்குழு கண்டக்டர் ஜுபின் மேத்தாவின் அப்பா. மெட்டு பிறந்த அதே 1936இல்தான் ஜுபினும் பிறந்தார்.

அது ரவிசங்கர் போட்டது என்றல்லவா படித்தேன்?

நானும் படித்திருக்கிறேன். ரவிசங்கர் பிறந்தது 1920. 1936இல் அவருக்குப் பதினாறு வயது, அண்ணன் உதயசங்கரின் நடனக் குழுவோடு திரிந்துகொண்டிருந்த காலம். அவர் தில்லி வானொலிக்கு வந்தது 1949இல். தூர்தர்ஷன் தொடக்க இசையோடு அவர் பெயர் சேர்ந்து வருவதால் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

சிவரஞ்சனி ராகம் என்கிறீர்கள். சங்கீதம் தெரியாதவனுக்கு எப்படிப் புரியவைப்பீர்கள்?

மாடியில் இதற்கு எங்கள் நாதஸ்வரக்காரர் பதில் சொன்னார், நான் சொல்லவில்லை. முதலில் மோகனம் ஊதினார்: ச ரி க ப த. எல்லோருக்கும் தெரிந்த, முகம் மலர்ந்த ராகம். அப்புறம் காந்தாரத்தை மட்டும் ஒரு படி கீழே இறக்கி அதையே ஊதினார். மற்ற நான்கு சுரமும் அப்படியே. மாடியில் பேச்சு நின்றுவிட்டது. “அவ்வளவுதான் சார், ஒரு விரல் வித்தியாசம்” என்றார்.

நம் கர்நாடக சங்கீதக் கணக்கில் அது 22ஆவது மேளமான, அதாவது தாய் ராகமான, கரகரப்பிரியாவின் ஜன்யம், அதிலிருந்து பிறந்த ராகம். சினிமாவில் யாராவது அழவேண்டும் என்றால் இசையமைப்பாளர்களின் கை தானாகவே அங்கே போகும். ஆனால் வானொலி மெட்டு அழுகை இல்லை. சோகமான ராகத்தை எடுத்து ஒரு நாளைத் தொடங்கி வைப்பது யோசித்தால் விசித்திரம்தான். விடியலில் கேட்டுக் கேட்டு அதை யாரும் சோகம் என்று நினைப்பதே இல்லை.

வெள்ளைக்காரருக்கு பம்பாயில் என்ன வேலை? ஏன் அமெரிக்கா போகவில்லை?

பெர்லினில் ஃபிரான்ஸ் ஷ்ரேக்கர் என்ற பெரிய இசையமைப்பாளரிடம் படித்தவர். ஆப்பெரா (பாட்டாலேயே நடக்கும் நாடகம்) அரங்கில் பெயர் பெற்ற கண்டக்டர் புரூனோ வால்டருக்கு உதவியாளராக இருந்தவர். இருபதுகளிலேயே கோடைக்கால இசைக்குழுக்களை நடத்தியவர். இப்படியே போயிருந்தால் ஜெர்மனியில் பெரிய மேடை கிடைத்திருக்கும். 1933இல் ஹிட்லர் வந்தார். யூதர்களுக்கு அரங்குகளின் கதவு வரிசையாகச் சாத்தப்பட்டது.

பிராக் ஜெர்மன் பல்கலைக்கழகத்தில், இசையமைப்பாளர் மாலரின் சிம்பொனிகளை (பெரிய இசைக்குழுவுக்கு எழுதும் நீண்ட இசை) பற்றி முனைவர் பட்ட ஆய்வை முடித்துவிட்டார். பட்டம் வாங்குகிற நேரத்தில், தன் பேராசிரியர் குஸ்டாவ் பெக்கிங் நாஜி இளைஞர் அமைப்பில் தலைவர் பொறுப்பில் இருப்பது தெரிந்தது. அந்தப் பட்டமே வேண்டாம் என்று விட்டுவிட்டார். இதை மாடியில் சொன்னபோது, ஒரு கையெழுத்துக்காகக் கல்லூரி வராந்தாவில் மூன்று வருடம் காத்திருந்த எங்கள் நண்பர் ஒருவர் நீண்ட பெருமூச்சு விட்டார்.

1934இல் பம்பாய் வந்து இறங்கினார். காரணம் கேட்டவர்களுக்கு அவர் தந்த விளக்கம் ரொம்ப எளிமை: இந்தியாவுக்கு விசா சுலபமாகக் கிடைத்தது. பெர்லினில் பழக்கமான மோகன் பவ்னானி பம்பாயில் சினிமா எடுத்துக்கொண்டிருந்ததும் ஒரு பிடிமானம். கொஞ்ச நாள் இருந்துவிட்டுத் திரும்பலாம் என்ற எண்ணம், பன்னிரண்டு வருடம் ஆனது.

வந்ததும் நம் இசை அவருக்குப் பிடித்துவிட்டதா?

இல்லை. எனக்கு இந்த மனிதரைப் பிடித்துப்போனதே இந்த இடத்தில்தான். இந்திய இசைத்தட்டுகளைக் கேட்ட புதிதில் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. வேறு ஆளாக இருந்தால் ‘காட்டுக் கூச்சல்’ என்று எழுதிவிட்டுப் போயிருப்பார், அப்படி எழுதிவைத்துவிட்டுப் போனவர்கள் நிறையப் பேர் உண்டு. காஃப்மன் வேறு மாதிரிக் கணக்குப் போட்டார். இதை உண்டாக்கியவர்கள் அறிவும் மனசும் உள்ளவர்கள். கோடிக்கணக்கானவர்கள் இதைக் கேட்டு மகிழ்கிறார்கள். அப்படியானால் கோளாறு இசையில் இல்லை, என் காதில் இருக்கிறது. அதைச் சரிசெய்ய, இசை பிறந்த இடத்துக்கே போய்ப் படிப்பதுதான் வழி.

நம் பக்கத்துப் பாரதக் கூத்தை நினைத்துப் பாருங்கள். படுகளத்துக்கு முந்தின ராத்திரி, முகவீணை உச்சத்தில் கிறீச்சிட, மிருதங்கமும் தாளமும் சேர்ந்து அடிக்க, கூத்தாடி அடித்தொண்டையில் எடுப்பார். சென்னையிலிருந்து வந்த என் தங்கை மருமகன் பத்து நிமிடத்தில் காதைப் பொத்திக்கொண்டு காருக்குப் போய்விட்டார். அவர் தமிழர்தான். காஃப்மன் எங்கிருந்தோ வந்தவர், உட்கார்ந்து கேட்டார்.

சரி, பம்பாயில் பிழைப்புக்கு என்ன செய்தார்?

எல்லாம் செய்தார். வந்த கொஞ்ச நாளிலேயே மெஹ்லி மேத்தா முதலானவர்களோடு சேர்ந்து சிறுகுழு இசைக்கென்று பம்பாய் சேம்பர் மியூசிக் சொசைட்டியைத் தொடங்கினார். வியாழக்கிழமை தோறும் வில்லிங்டன் ஜிம்கானாவில் கச்சேரி. மேத்தா வயலின், எடிஜியோ வெர்கா என்ற இத்தாலியர் செல்லோ (கனத்த குரலுள்ள பெரிய வயலின் மாதிரி), காஃப்மன் பியானோ. 1937 மே மாதத்துக்குள் 136 கச்சேரிகள் நடந்திருக்கின்றன. வாரம் தவறாமல் என்று அர்த்தம். மாதம் ஒருமுறை ஆள் சேர்ப்பதற்குள் எங்களுக்கு நாக்குத் தள்ளுகிறது.

1937இலிருந்து 1946 வரை பம்பாய் வானொலியில் ஐரோப்பிய இசைப் பிரிவின் பொறுப்பு. இடையில் பவ்னானியின் படங்களுக்கும் அரசின் செய்திப்படப் பிரிவுக்கும் இசை. ‘அனசூயா’ என்று வானொலிக்கென்றே ஒரு ஆப்பெரா எழுதி, அது 1939 அக்டோபரில் ஒலிபரப்பானது. 1943இல் ‘இந்தியன் சிம்பொனி’. ஸ்ட்ரிங் குவார்டெட் மட்டும் பத்துக்கு மேல். இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ என்று நாலு பேர் வாசிப்பது அது.

கண்டக்டர் என்கிறீர்களே, என்ன வேலை அது? குச்சியை ஆட்டுவதா?

தமிழில் ‘இசை நடத்துநர்’ என்று எழுதலாம்தான். ஆனால் நம் ஊரில் நடத்துநர் என்றால் டிக்கெட் கிழிப்பவர். எங்கள் கூட்டத்திலேயே ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் இருக்கிறார், இந்தக் கேள்வி அவருடையது. “நான் விசில் அடிச்சாத்தான் வண்டி நகரும். அவரு குச்சி எடுத்தாத்தான் பாட்டு நகரும். அதானே?” என்று அவரே பதிலும் சொல்லிவிட்டார். பெரிய தப்பில்லை.

கொஞ்சம் விரித்துச் சொன்னால் இப்படி. அறுபது எழுபது பேர் ஒரே நேரத்தில் வாசிக்கிறார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் அவரவர் வாசிக்கவேண்டிய பகுதி மட்டும் எழுதப்பட்டிருக்கும். எல்லோருடையதும் சேர்ந்த முழுத்தாள் கண்டக்டர் ஒருவரிடம்தான். எங்கே வேகம், எங்கே நிதானம், எங்கே குழல் அடங்கி வயலின் மேலே வரவேண்டும் என்று முடிவு செய்வது அவர். கச்சேரியில் பார்ப்பது கடைசி ஒன்றரை மணி நேரம். வேலை முழுக்க அதற்கு முந்தைய ஒத்திகைகளில் முடிந்திருக்கும். கூத்தில் இதே வேலையை வாத்தியார் செய்கிறார். என்ன, அவர் வேடமும் கட்டுவார், ராத்திரி முழுக்கப் பின்பாட்டும் பாடுவார், விடிந்ததும் கணக்கும் பார்ப்பார்.

பம்பாயில் இவ்வளவு செய்துவிட்டு ஏன் கிளம்பினார்?

போர் முடிந்திருந்தது. 1946இல் லண்டன் போய் பிபிசியில் கொஞ்ச காலம் இசைக்குழு நடத்தினார். 1947இல் கனடாவின் ஹாலிஃபாக்ஸில் பியானோ ஆசிரியர். 1948இல் வின்னிபெக் சிம்பொனிக்கு முதல் கண்டக்டராக அழைத்தார்கள், அந்த டிசம்பரில் முதல் கச்சேரி. குளிர்காலத்தில் மைனஸ் இருபதுக்கும் கீழே போகிற ஊர் அது. பம்பாய்ப் புழுக்கத்தில் பன்னிரண்டு வருடம் இருந்தவர், அங்கே ஒன்பது வருடம் ஓட்டினார். புதிதாகத் தொடங்கிய இசைக்குழுவைக் கையில் எடுத்துப் பழக்கி நிற்கவைப்பது சுலபம் இல்லை. ஏற்கெனவே பேர் வாங்கிய குழுவில் போய் நிற்பதைவிடப் பல மடங்கு கஷ்டம். அவர் வாழ்க்கையில் நீண்ட காலம் கண்டக்டராக இருந்தது வின்னிபெக்கில்தான். ஃப்ரெடா ட்ரெப்பல் என்ற பியானோ கலைஞரை மணந்ததும் அந்தக் காலத்தில்தான்.

1957இல் இண்டியானா பல்கலைக்கழகம். கிட்டத்தட்ட இருபது வருடம் பேராசிரியர். 1964இல் அமெரிக்கக் குடியுரிமை.

‘மெட்ராஸ் எக்ஸ்பிரஸ்’ என்று ஒன்று எழுதினாராமே? நம்ம வண்டியா?

எழுதியிருக்கிறார். 1948 ஜூனில் அமெரிக்காவின் பாஸ்டன் பாப்ஸ் இசைக்குழு வாசித்தது. எந்த வண்டி என்று எங்கள் மாடியில் பெரிய சண்டை. மொரப்பூரில் பிறந்தவர் “ஜோலார்பேட்டை தாண்டி எங்க ஊர் வழியாத்தான் போகும்” என்று விடவே இல்லை. பம்பாயில் இருந்தவர் ஏறியிருந்தால் குண்டக்கல், ரேணிகுண்டா வழியாக வந்திருப்பார் என்று இன்னொருவர். ரயிலை இசைக்குழுவில் ஓட்டுவது ஐரோப்பியர்களுக்குப் பழக்கமான விளையாட்டு. ஓனெக்கர் என்ற இசையமைப்பாளர் 1923இலேயே ஒரு நீராவி எஞ்சினைச் சிம்பொனிக் குழுவில் ஓட்டிக் காட்டிவிட்டார். அந்த விளையாட்டில் காஃப்மன் மெட்ராஸ் பெயரைப் பலகையில் எழுதினார். மொரப்பூர்க்காரருக்கு அது போதும்.

நம் கர்நாடக ராகங்களைப் பற்றி எழுதியிருக்கிறாரா?

1968இல் வட இந்திய ராகங்களைப் பற்றி ஒரு பெரிய புத்தகம், 1976இல் தென்னிந்திய ராகங்களைப் பற்றி இன்னொன்று. இரண்டாவது எழுநூறு பக்கத்துக்கும் மேல். 72 மேளங்கள், அவற்றின் கீழ் ஜன்ய ராகங்கள் என்று ஏறுவரிசை இறங்குவரிசைகளை மேற்கத்தியக் கோடுகளில் எழுதிவைத்தார். உழைப்பைப் பார்த்தால் கும்பிடத் தோன்றும்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாகவேண்டும். அதில் இருப்பது சுரப் பட்டியல். தலைப்பின் கீழேயே அப்படித்தான் போட்டிருக்கிறார், ஆகவே ஏமாற்று இல்லை. சில பக்கங்களை ஐந்துகோட்டு முறை தெரிந்த ஒரு பெண்ணை வைத்துக் கீபோர்டில் வாசிக்கச் சொன்னோம். நாதஸ்வரக்காரர் கேட்டுவிட்டு, “தோடியோட சுரம் எல்லாம் இருக்கு, தோடியத்தான் காணோம்” என்றார். கமகம் இல்லாமல் தோடி ஏது? அசைவை, இழுப்பை, சுரத்துக்கும் சுரத்துக்கும் இடையில் நடக்கிற சங்கதியைக் கோட்டில் பிடிக்க முடியாது. இது காஃப்மனுக்குத் தெரியாததில்லை. 1967இல் ஆசிய நாடுகளின் இசைக் குறியீட்டு முறைகளைப் பற்றியே தனியாக ஒரு புத்தகம் எழுதியவர் அவர். இருந்தும், வெளியூரிலிருந்து வருகிறவனுக்கு முதலில் ஒரு வரைபடம் வேண்டும் என்று நினைத்திருக்கிறார். வரைபடத்தில் ஒகேனக்கல் ஒரு புள்ளிதான், சாரல் படாது.

நாட்டுப்புறப் பாட்டுகளைத் தொட்டாரா?

தொட்டார். மத்திய இந்தியக் காடுகளில் கோண்டு, பைகா மக்களின் பாடல்களைக் கேட்டு எழுதி, 1941இலேயே அமெரிக்காவின் இசை ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டார். பிறகு பஸ்தர் பக்கத்து முரியா, மலை மரியா மக்கள் பாடல்கள். நேபாளம். திபெத் மடங்களின் ஓதல் முறை. வானொலி அதிகாரியாகச் சம்பளம் வாங்கிக்கொண்டு ஐரோப்பிய இசையை மட்டும் போட்டுக்கொண்டிருக்கலாம், யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

அரூர் பக்கம் சித்தேரி மலையில் நடவுக்கும் சாவுக்கும் கல்யாணத்துக்கும் தனித்தனிப் பாட்டு உண்டு. அங்கிருந்து வருகிற எங்கள் நண்பர் தன் பாட்டியின் பாட்டுகளை இப்போது செல்போனில் பதிந்துகொண்டிருக்கிறார். நாற்பதைத் தாண்டிவிட்டது. பாட்டிக்கு மூச்சு வாங்குகிறது என்பதால் ஒரு நாளைக்கு ஒன்றுதான்.

குடும்பம்?

முதல் மனைவி கெர்ட்டி, எழுத்தாளர் ஃபிரான்ஸ் காஃப்காவின் தங்கை எல்லியின் மகள். காஃப்காவின் தங்கைகள் மூவரையும் நாஜிகள் முகாம்களுக்கு அனுப்பிக் கொன்றார்கள். எல்லி 1941இல் பிராக்கிலிருந்து, போலந்தின் வூட்ஜ் நகரத்தில் யூதர்களை அடைத்துவைத்த பகுதிக்கு அனுப்பப்பட்டவர். பம்பாயில் நம் மெட்டு விடிகாலைதோறும் ஒலித்துக்கொண்டிருந்த அதே வருடங்கள் அவை. இதைச் சொன்ன மாலையில் நாங்கள் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை, சீக்கிரம் கலைந்துவிட்டோம்.

இவ்வளவு பெரிய ஆள் என்றால் ஏன் பேரே தெரியவில்லை?

ஒரு ஊரில் பேர் எடுப்பதற்குள் அடுத்த ஊர். பம்பாயில் அவரைத் தெரிந்தவர்கள் வின்னிபெக்கில் இல்லை, வின்னிபெக்கில் கைதட்டியவர்களுக்கு அவர் வயலின் சொனாட்டாக்கள் தெரியாது. ஆய்வாளர்களுக்கு அவர் ராகப் புத்தகம் எழுதிய பேராசிரியர், அவர் இசையமைப்பார் என்பதே பலருக்குத் தெரியாது. இன்னொன்று, ஐரோப்பியக் காதுக்கு அவர் இசை இந்தியமாகவும், நம் காதுக்கு ஐரோப்பியமாகவும் கேட்டது. வானொலி மெட்டுக்கோ யாரும் பெயர் சொல்வதில்லை. தினம் கோடிப்பேர் கேட்ட ஒன்றுக்கு “இசை: இன்னார்” என்று அறிவிப்பே வந்ததில்லை.

கையெழுத்துப் பிரதிகள் இண்டியானா பல்கலைக்கழக நூலகத்தில் இருந்தன. நாடுகடந்த இசையமைப்பாளர்களைத் தேடித்தேடி வாசிக்கிற டொரண்டோவின் ஏஆர்சி என்செம்பிள், 2020இல் அவருடைய சிறுகுழு இசையைப் பதிவு செய்து வெளியிட்டது. அதற்குப் பிறகுதான் உலகம் கொஞ்சம் திரும்பிப் பார்த்தது. நாங்களும் அதைப் பிடித்துக்கொண்டுதான் வந்தோம்.

தர்மபுரிக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்று இவ்வளவு நீட்டுகிறீர்கள்?

102.5. ஆல் இந்தியா ரேடியோவின் நம் ஊர் எஃப்எம். வேறு சம்பந்தம் வேண்டுமா?

நான் எதிலிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்?

வானொலி மெட்டைத் தெரிந்துகொண்டு அப்புறம் ஸ்ட்ரிங் குவார்டெட் எண் 11. யூடியூபில் இருக்கிறது. செல்போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், செல்லோவே கேட்காது. இயர்போன் போடுங்கள். முதல் தடவையில் எங்கே ராகம், எங்கே ஐரோப்பா என்று பிரித்துப் பார்க்கவேண்டாம். எனக்கு மூன்றாவது தடவைதான் பிடித்தது. எங்கள் கூத்து வாத்தியாருக்கு இன்னும் பிடிக்கவில்லை, ஆனால் தவறாமல் வருகிறார்.

அடுத்த கூட்டம் எப்போது?

இந்த மாதக் கடைசி ஞாயிறு, மாலை ஐந்தரை, அதே மொட்டை மாடி. காஃப்மனின் செப்டெட், ஏழு பேர் வாசிப்பது. உட்கார ஆளுக்கொரு பாய் கொண்டுவரவும். போனமுறை தரை சூடு ஆறவே இல்லை. மழை வந்தால் கீழே கூடத்தில் நடக்கும், அப்போது செருப்பைத் திண்ணையில் விடவும்.